ரப்பருக்குக் கொடுத்த 2,200 ரூபாய்: ஜே.சி. ரோட்டில் ஆம்ப் வயரிங் கிட் வாங்கப் போகிறவர்களுக்கு

காரில் ஆம்ப்பும் (பாட்டின் பவரைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர்) சப்வூஃபரும் (பேஸ் ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) நானே மாட்டிக்கொள்கிறேன் என்று பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்கு வயர் வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 2,200 ரூபாயும் ஒரு பேட்டரியும் போனது. வண்டி தப்பித்ததில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

வண்டி 2014 ஸ்விஃப்ட், பெட்ரோல். கதவு ஸ்பீக்கர்களை ஏற்கெனவே நானே மாற்றியிருந்தேன். அந்தத் தெம்பில் 500 வாட் ஆர்எம்எஸ் மோனோ ஆம்ப் ஒன்றும் ஒரு சப்பும் ஆன்லைனில் வாங்கிவிட்டேன். அட்டைப்பெட்டியில் 2,000 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அது சும்மா, ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய நிஜ பவர், மட்டும்தான் கணக்கு. இதுவரைக்கும் நான் புத்திசாலி.

சனிக்கிழமை மதியம், டவுன் ஹால் பக்கத்திலிருந்து நாலைந்து கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் என் ஓட்டைக் கன்னடத்தைக் கேட்டதும் முதலாளி சிரித்துவிட்டார். "தமிழா சார்? எந்த ஊரு?"

"திருப்பத்தூர்."

"அட! நான் ஆம்பூரு சார். டேய், சாருக்கு ஒரு டீ சொல்லு."

அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். வயரும் ஃப்யூஸும் ஹோல்டரும் சேர்ந்த ஒரு கிட்டை எடுத்து வைத்தார். விரல் தடிமனில் பளபளவென்று சிவப்பு வயர். "நாலு கேஜ், ப்யூர் காப்பர். நம்ம ஊரு ஆளுக்கு டூப்ளிகேட் குடுப்பேனா?" என்றார். கேஜ் என்பது வயரின் தடிமனுக்கான எண், எண் குறையக் குறைய வயர் தடிமன். நுனியைக் கொஞ்சம் சீவிக் காட்டினார், உள்ளே செம்பு நிறம்தான். பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், நமக்குள்ள எதுக்கு சார்?" என்று ஒரு எஸ்டிமேட் சீட்டில் கிறுக்கிக் கொடுத்தார்.

போகும்போது இலவசமாக ஒரு யோசனையும் வந்தது. வண்டியோடு வந்த என் கம்பெனி ஸ்டீரியோவில் ஆம்ப்பை ஆன் செய்யும் ரிமோட் வயர், அதாவது நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது, கிடையாது. "மஞ்சள் வயர்ல குடுத்துடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். மஞ்சள் என்பது பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் வரும் வயர். சாவி போட்டால் மட்டும் உயிர் வருவது சிவப்பு. மஞ்சளில் கொடுத்தால் வண்டி நின்றபிறகும் ஆம்ப் தூங்காது. இது எனக்கே தெரியும். தெரிந்தும் டீ குடித்த வாய் மறுத்துப் பேசவில்லை. இரண்டு நாள் வண்டியை எடுக்கவில்லை, மூன்றாம் நாள் காலை டிக் டிக் என்ற சத்தம் மட்டும். பழைய பேட்டரி, இப்படி இரண்டு தடவை காலியானதில் செத்தே போனது. ஃப்யூஸ் பெட்டியில் சாவியோடு வரும் இணைப்பிலிருந்து ரிமோட்டை எடுத்திருந்தால் போதும்.

பெரிய விஷயம் அடுத்த வாரம். ஊருக்குப் போக சில்க் போர்டு தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறியாகிவிட்டது. பாட்டு சத்தமாக ஓடுகிறது. பிளாஸ்டிக் கருகும் வாடை. பின்சீட்டில் பையன், "அப்பா, ஏதோ தீயுது." அந்தப் பாலத்தில் ஏறினால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. ஆம்ப்பை நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பாலம் முடியும்வரை ஓட்டிய தூரம் மறக்காது. இறங்கி ஓரங்கட்டி பானட்டைத் தூக்கினால், பேட்டரி பக்கத்து ஃப்யூஸ் ஹோல்டர் மெழுகுபோல உருகி வழிந்திருக்கிறது. உள்ளே இருந்த கண்ணாடி ஃப்யூஸ் மட்டும் முழுசாக, கன்னி கழியாமல் உட்கார்ந்திருக்கிறது. ஃப்யூஸ் போகவில்லை, மற்றதெல்லாம் போய்விட்டது.

ஊர்ப்பயணம் அத்தோடு சரி. வண்டியைத் துரவாணிநகர் மாமா வீட்டுக்குத் திருப்பினேன். மாமா ஐடிஐ டெலிபோன் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆயுசு முழுக்க வயரோடு இருந்த மனுஷன். எஞ்சிய வயர்த் துண்டைக் கையில் தூக்கிப் பார்த்ததுமே கேட்டார், "டேய், இது வயரா, தோட்டத்துக்குத் தண்ணி விடுற குழாயா? கனமே இல்லையே."

பிளேடால் ரப்பரைச் சுற்றி அறுத்து உருவினார். வெளியே விரல் தடிமன் இருந்ததில், உள்ளே உலோகம் வெர்னியரில் நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. மீதி எல்லாம் ரப்பர். ஒரு இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டினார், செம்பு நிறம் போய் வெள்ளை வந்தது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம், கடைக்காரர்கள் பாஷையில் சிசிஏ. இன்னொரு இழையை லைட்டரில் காட்டினார். செம்பாக இருந்தால் சிவந்து கனலும், இது சுருண்டு உருகி அறுந்தது. கிட் பெட்டியை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். காப்பர் என்ற வார்த்தையே அதில் இல்லை. "ஹை பவர் கேபிள்" என்று மட்டும் இருந்தது. காப்பர் என்றது அவர் வாய்தான்.

மாமா காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். 500 வாட் வெளியே வர, ஆம்ப் 80 சதவீதம் திறமையானது என்றால்கூட 625 வாட் உள்ளே போகவேண்டும். 13 வோல்ட்டால் வகுத்தால் 48 ஆம்பியர். நிஜமான 4 கேஜ் என்றால் 21 சதுர மில்லிமீட்டர் செம்பு, தாங்கும். என்னுடையது 8 கேஜ் அளவு, அதாவது எட்டரை சதுர மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைச்சல், அதுவும் அலுமினியம். கிட்டோடு வந்த ஃப்யூஸ் 80 ஆம்பியர். ஆம்ப்பில் ஏற்கெனவே அதற்கென்று ஃப்யூஸ் இருக்கிறது, பேட்டரி பக்கத்து ஃப்யூஸ் வயரைக் காப்பாற்றத்தான். வயர் சூடேறிச் சாகிற கரண்ட்டில் 80 ஆம்பியர் ஃப்யூஸ் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். மட்டமான ஹோல்டரில் தொடர்பும் தளர்வாக இருக்க, சூடு முதலில் அங்கே கூடியிருக்கிறது.

புது ஹோல்டர் போட்டு, இன்ஜின் ஓட, 50 ஹெர்ட்ஸ் டோனை அளவாக விட்டு மல்ட்டிமீட்டர் வைத்தோம். பேட்டரி முனையில் 13.8, ஆம்ப் முனையில் 12.5. அந்த 1.3 வோல்ட் வழியிலேயே சூடாகப் போய்க்கொண்டிருந்தது. பாட்டில் பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குவதை நான் பெருமையாக வீடியோ எடுத்து வைத்திருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஆம்பூர்க்காரரிடம் வாங்கிய ஸ்டீரியோ கப்ளரிலும் (ஸ்டீரியோவை வண்டி வயர்களோடு சேர்க்கும் இணைப்பு) கோளாறு. வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, கறுப்புக் கோடு போட்டதெல்லாம் மைனஸ் என்பது வழக்கம். இதில் பச்சை ஜோடி தலைகீழ். ஸ்டீரியோவிலிருந்து கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ட் பென்சில் செல்லை ஸ்பீக்கர் வயரில் தொட்டுப் பார்த்தோம். மூன்று கூம்பு வெளியே எழும்பியது, இது ஒன்று உள்ளே போனது. பின்பக்கப் பாட்டு ஏன் சோகையாக இருந்தது என்று அன்றுதான் விளங்கியது.

திங்கட்கிழமை உருகிய ஹோல்டரையும் வயரையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஆம்பூர்க்காரருக்குத் தமிழ் மறந்துபோயிருந்தது. "எலெக்ட்ரிக்கல் ஐட்டம், நோ ரிட்டர்ன் சார்," அப்புறம் வேகமான கன்னடம். பிளேடால் சுரண்டிக் காட்டினேன். "நீங்களே ஃபிட் பண்ணீங்க இல்ல?" என்று ஒரே ஒரு வரி தமிழில் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போடுங்கள் என்றாள் மனைவி. எஸ்டிமேட் சீட்டை எடுத்துப் பார்த்தேன். கடைப் பெயரே இல்லை.

இப்போது ஓடுவது எலெக்ட்ரிக்கல் கடையில் வாங்கிய 25 சதுர மில்லிமீட்டர் செம்பு ஃப்ளெக்சிபிள் கேபிள். அங்கே கேஜ் கதையே கிடையாது, "எத்தனை ஸ்கொயர் எம்எம்?" என்றுதான் கேட்கிறார்கள், அளவும் கம்பெனியும் கேபிள் மேலேயே அச்சாகியிருக்கிறது. கேபிள் மட்டுமே அந்தக் கிட்டைவிட விலை அதிகம். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் 60 ஆம்பியர் ஃப்யூஸ், இரண்டு முனையிலும் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக முனை) வைத்து அழுத்தியது, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம். எர்த்தை சீட் பெல்ட் போல்ட்டில் கொடுக்கச் சொன்னதும் அந்த ஆம்பூர்ப் புண்ணியவான்தான். மாமா அதைக் கழற்றிவிட்டு, டிக்கியில் கீழே பெட்ரோல் டேங்க் இல்லாத இடமாகப் பார்த்து, பெயிண்ட்டைச் சுரண்டித் தனி போல்ட் போட்டார். அதே டோன், அதே அளவு: இப்போது ஆம்ப் முனையில் 13.5.

சிவப்பு வயரின் மிச்சம் மாமா வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடியாக இருக்கிறது. வெயிலில் ரப்பர் இப்போதே வெடிக்க ஆரம்பித்துவிட்டதாம். அத்தை போன் செய்து குறைபட்டுக்கொண்டார்.