முதலிடத்தைவிட்டு இறங்காத பாட்டுகள்: பாப் எஃப்எம் கவுன்ட்டவுனோடு பல வருடங்கள்

ஒரு பாட்டு நம்பர் ஒன்னுக்கு வந்த முதல் வாரம் ஆர்ஜேவின் குரலிலேயே தெரிந்துவிடும். நான்காவது வாரத்தில் அந்த உற்சாகம் கொஞ்சம் அடங்கும். பத்தாவது வாரம் 'சாதனை' என்ற சொல் வந்து சேரும். அதற்குப் பிறகு பாட்டைவிட அந்த வாரக் கணக்குதான் பெரிய செய்தி. உள்ளூர் பாப் நிலையத்தின் டாப் 20 நிகழ்ச்சியை விடாமல் கேட்கிற எல்லோருக்கும் இது பழகிப்போன விஷயம். நான் ஒரே நிலையத்தின் கவுன்ட்டவுனைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். ஒவ்வொரு வாரமும் முதல் சில இடங்களைக் குறித்து வைக்கிற பழக்கமும் உண்டு. அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இத்தனை வாரம் முதலிடம் என்கிற எண்ணுக்குள் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. மக்களுக்கு அந்தப் பாட்டு எவ்வளவு பிடித்தது என்பது ஒன்று. அதைக் கைவிட நிலையம் எவ்வளவு தயங்கியது என்பது இன்னொன்று. இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் கவுன்ட்டவுன் கேட்பது நல்ல சுவாரசியமான வேலை. பழகாவிட்டால் சில மாதங்களிலேயே அலுத்துவிடும். பலர் பாதியில் விட்டுவிடுவதும் அதனால்தான்.

முதலில் உங்கள் நிலையம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று கண்டுபிடியுங்கள். நான் கேட்கும் நிலையத்தில் ஆரம்பத்தில் எல்லாமே நேயர் ஓட்டுதான். போன் பண்ணலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம். பட்டியல் வாரா வாரம் தலைகீழாக மாறும். ஒரு பாடகருக்கு ரசிகர் கூட்டம் திரண்டுவிட்டால் அவருடைய பாட்டு ஒரே தாவலில் மேலே போய், அதே வேகத்தில் கீழே வரும். பிறகு, ஒரு வாரத்தில் எந்தப் பாட்டு எத்தனை முறை ஒலித்தது என்பதையும் சேர்த்து எண்ணத் தொடங்கினார்கள். என் குறிப்புகளில் அந்த மாற்றம் பளிச்சென்று தெரிகிறது. அதற்கு முன்னால் இரண்டு மூன்று வாரத்தில் முதலிடம் கைமாறும். அதற்குப் பின்னால் மாதக்கணக்கில் ஒரே பெயர்.

உலகத்திலேயே அதிகம் பேசப்படும் பட்டியலுக்கும் இதேதான் நடந்தது. அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டு, விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் சேர்த்து எண்ணிப் போடும் ஹாட் 100 பட்டியல் தொடங்கியது 1958 ஆகஸ்டில். 1991 வரைக்கும் எந்தப் பாட்டும் அதில் 10 வாரத்துக்கு மேல் முதலிடத்தில் இருந்ததில்லை. அதுவரை வானொலி நிலையங்கள் தங்கள் பட்டியலைத் தாங்களே சொல்லி அனுப்பும், கடைகளும் விற்பனை நிலவரத்தை அப்படியே சொல்லும். 1991 நவம்பரில், ஒலிபரப்பைக் கணினியே கேட்டுப் பாட்டை அடையாளம் கண்டு எண்ணும் முறையும், கடையில் பில் போடும்போதே விற்பனையைப் பதிவு செய்யும் முறையும் வந்தன. அடுத்த வருடமே பாய்ஸ் டு மென் குழுவின் 'எண்ட் ஆஃப் த ரோட்' 13 வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த வருடக் கடைசியில் முதலிடத்துக்கு வந்த விட்னி ஹூஸ்டனின் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' 14 வாரம். 1995-96இல் மரையா கேரியும் பாய்ஸ் டு மென்னும் சேர்ந்து பாடிய 'ஒன் ஸ்வீட் டே' 16 வாரம். முப்பது வருடத்துக்கு மேல் அசையாத எல்லை நான்கைந்து வருடத்துக்குள் இத்தனை தடவை உடைந்தது. மக்களின் ரசனை திடீரென்று மாறிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. உண்மையில் ஒரு பாட்டு எவ்வளவு காலம் ஓடுகிறது என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

வானொலியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். தி வீக்கெண்டின் 'பிளைண்டிங் லைட்ஸ்' 2020இல் ஹாட் 100இன் முதலிடத்தில் இருந்தது மொத்தம் 4 வாரம்தான். வானொலி ஒலிபரப்பை மட்டும் கணக்கில் எடுக்கும் பட்டியலிலோ 26 வாரம், அதாவது அரை வருடம்! அதற்கு முந்தைய சாதனை கூ கூ டால்ஸ் குழுவின் 'ஐரிஸ்' வைத்திருந்த 18 வாரம், 1998இல். சான்டானாவும் ராப் தாமஸும் சேர்ந்து செய்த 'ஸ்மூத்' பொதுப் பட்டியலில் 12 வாரம் முதலிடம். பெரியவர்களுக்கான பாப் நிலையங்களின் பட்டியலில் 25 வாரம். வாங்குகிறவர்களும் தேடிக் கேட்கிறவர்களும் அடுத்த பாட்டுக்குப் போய்விட்ட பிறகும் வானொலி அங்கேயே நிற்கிறது.

ஏன் நிற்கிறது? பாப் நிலையம் நடக்கிற விதமே அப்படி. டாட் ஸ்டோர்ஸ் என்பவர் 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் நிலையம் நடத்தியவர். ஜூக்பாக்ஸில் மக்கள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் காசு போட்டுக் கேட்பதைப் பார்த்து அவருக்கு டாப் 40, அதாவது ஹிட்டான சில பாட்டுகளையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பும் யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை. நிலையத்தைத் திருப்புகிறவர் சில நிமிடம்தான் நிற்பார், அந்தச் சில நிமிடத்துக்குள் அவருக்குத் தெரிந்த பாட்டு வந்தாக வேண்டும். அதனால் உச்சத்தில் இருக்கும் நாலைந்து பாட்டுகளைத் தனிப் பிரிவாக வைத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றவிடுகிறார்கள். எந்த மணியில் எது என்பதை இப்போது மென்பொருள் அடுக்கிக் கொடுத்துவிடுகிறது. ஒரு பாட்டு அந்தப் பிரிவுக்குள் நுழைந்தால் ஒலிக்கும் எண்ணிக்கை தானாக ஏறும், எண்ணிக்கை ஏறினால் பட்டியலில் இடம் ஏறும். வெளியேற்றுவதுதான் கஷ்டம். பல நிலையங்கள் நேயர்களுக்குப் பாட்டின் சில வினாடிகளை மட்டும் போட்டுக்காட்டி, தெரியுமா, பிடிக்குமா, அலுத்துவிட்டதா என்று கேட்டுத்தான் முடிவெடுக்கின்றன. சில வினாடியில் யாருக்கும் புதுப்பாட்டு பிடிபடாது. தெரிந்த பாட்டுதான் ஜெயிக்கும். அப்படியே இன்னும் நாலு வாரம் ஓடும்.

சரி, கேட்கிற நமக்கு இது எப்படி இருக்கும்? முதல் மூன்று வாரம் சந்தோஷம். அடுத்த மாதத்தில் வரிகள் மனப்பாடம். பத்துப் பன்னிரண்டு வாரம் ஆனதும் ஒரு கட்டம் வரும். முதல் இசைத்துணுக்கு கேட்டதுமே கை வால்யூமைக் குறைக்கப் போகும். நிறையப் பாட்டுகள் அங்கேயே நமக்குள் செத்துவிடும், பட்டியலில் அதற்கப்புறமும் முதலிடத்தில் இருக்கும். ஆனால் சில பாட்டுகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய் இரண்டாவது உயிர் எடுக்கின்றன. 'பிளைண்டிங் லைட்ஸ்' எனக்கு அப்படிப்பட்ட பாட்டு. தொடக்கத்தில் குரலே இல்லாமல் சிந்தசைசர் மட்டும் ஓடும். நான் கேட்கும் நிலையத்தின் மாலை நேர ஆர்ஜே ஒருவர் அந்த இடைவெளிக்குள் நேரம், போக்குவரத்து, அடுத்த பாட்டின் பெயர் எல்லாம் சொல்லி முடித்து, குரல் தொடங்குவதற்குச் சரியாக ஒரு மூச்சு முன்னால் நிறுத்திவிடுவார். ஒரு சொல்கூடப் பாடகரின் குரல்மேல் ஏறாது. பாட்டு பழகப் பழக அவருக்கு அளவு கைவந்து, கடைசி மாதங்களில் அதைக் கேட்பதற்காகவே வானொலியை வைத்தேன். இந்தக் கலை ஸ்ட்ரீமிங்கில் கிடைக்காது.

'ஐரிஸ்' வேறு வகை. அது கிட்டத்தட்ட ஐந்து நிமிடப் பாட்டு, நடையும் வழக்கமான நாலு தட்டு இல்லை. மூன்றரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று நினைக்கிற பாப் வானொலியில் அது அத்தனை காலம் ஓடியதே பெரிய விஷயம். நீளமாக ஓடிய பாட்டுகளை இன்றைக்குத் திரும்பக் கேட்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பல்லவி மட்டும் பலமாக இருந்தால் எட்டு வாரம் தாங்கும். பின்னணியில் மெதுவாகத்தான் காதில் விழுகிற வேலை இருந்தால்தான் இருபது வாரம் தாங்கும்: ஒரு மாண்டலின், இரண்டாம் சரணத்தில் புதிதாக நுழையும் ஒரு ஹார்மனி, கடைசிப் பல்லவிக்கு முன்னால் ஒரு நிசப்தம். புதுப்பாட்டு முதலிடத்துக்கு வந்தால் இப்போதெல்லாம் நான் முதலில் அதைத்தான் தேடுகிறேன்.

'ஐரிஸ்' பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வானொலியில் 18 வாரம் முதலிடத்தில் இருந்தும், அந்தக் காலம் முழுக்க ஹாட் 100இல் அதற்கு இடமே கிடையாது. கடையில் தனிப்பாட்டாக விற்கப்படாத பாட்டைச் சேர்க்க மாட்டோம் என்பது அப்போதைய விதி. 1996-97இல் நோ டவுட் குழுவின் 'டோன்ட் ஸ்பீக்' வானொலியில் 16 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதற்கும் இதே கதிதான். 1998 டிசம்பரில் விதியை மாற்றினார்கள். அதற்குள் 'ஐரிஸ்' அலை தணிந்துவிட்டதால் 9ஆம் இடம் வரைதான் வர முடிந்தது. பட்டியலைப் பார்த்து மட்டும் அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள நினைக்கிறவர்களுக்கு, தெருவெங்கும் ஒலித்த இரண்டு பாட்டுகள் காணாமலே போய்விடும். அந்த விஷயத்தில் வானொலிக் கணக்குதான் நேர்மையான கணக்கு.

உள்ளூர் நிலையத்துக்கு ஒரு பாட்டைத் தூக்கிவிடும் சக்தி உண்டா என்று கேட்பவர்கள் 1963 டிசம்பரைப் பார்க்க வேண்டும். வாஷிங்டனின் டபிள்யூடபிள்யூடிசி நிலையத்தில் கேரல் ஜேம்ஸ் என்ற அறிவிப்பாளர், பீட்டில்ஸின் 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' இசைத்தட்டை பிரிட்டனிலிருந்து வரவழைத்து ஒலிபரப்பினார். கேட்டவர்கள் விடவில்லை. அமெரிக்காவில் ஜனவரியில் வெளியிட இருந்த நிறுவனம் டிசம்பர் 26க்கே வெளியிட வேண்டியதாயிற்று. பிப்ரவரி 1ஆம் தேதிப் பட்டியலில் அது முதலிடம். 1974இல் டெட்ராய்ட் பக்கமும் இப்படி ஒன்று நடந்தது. அந்தப் பகுதிக்கு ஒலிபரப்பிய சிகேஎல்டபிள்யூ நிலையத்தின் ரோசலி டிராம்ப்ளி சொன்னதால்தான் எல்டன் ஜானின் 'பென்னி அண்ட் த ஜெட்ஸ்' தனிப்பாட்டாக வந்தது, அதுவும் முதலிடத்தைப் பிடித்தது. இலங்கை வானொலியில் 1952இல் அமீன் சயானி தொடங்கிய இந்தித் திரைப்பாட்டுக் கவுன்ட்டவுனான 'பினாக்கா கீத்மாலா'வுக்கு ஊர் ஊராக நேயர் மன்றங்களே இருந்தன. இசைத்தட்டு விற்பனையோடு அந்த மன்றங்களின் தேர்வும் வரிசையைத் தீர்மானித்தது. எனக்குத் தெரிந்து கேட்கிறவர்களை இவ்வளவு மதித்த கவுன்ட்டவுன் வேறில்லை.

இங்கேதான் எனக்கு உண்மையான வருத்தம். நான் கேட்கும் நிலையம் சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரிய வலையமைப்புக்குள் போய்விட்டது. பாட்டு வரிசை இப்போது வேறெங்கோ தயாராகிறது. கவுன்ட்டவுன் இருக்கிறது, ஆர்ஜே இருக்கிறார். ஆனால் முதல் பத்து இடங்கள் எல்லா ஊர் நிலையத்திலும் இருப்பவைதான். முன்பெல்லாம் வெளியே யாருக்கும் தெரியாத ஒரு உள்ளூர்க் குழுவின் பாட்டு, உலகப் புகழ்பெற்ற பெயர்களைப் பின்னால் நிறுத்திவிட்டுத் தொடர்ந்து பல வாரம் முதலிடத்தில் நின்றது. என் குறிப்புகளில் அந்த வாரங்களைப் பார்க்கும்போது இன்றும் பெருமையாக இருக்கிறது. எந்தப் பெரிய பட்டியலிலும் பதிவாகாத சாதனை அது. உள்ளூர் நிலையம் ஒன்று இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தைத் திரும்பக் கொடுங்கள் என்று நிலையத்துக்கு நான் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்களும் உங்கள் நிலையத்துக்கு எழுதுங்கள்; வாரத்தில் ஒரு மணி நேரம் உள்ளூர் ஓட்டுக்கு ஒதுக்கினாலே போதும்.

பழைய பாட்டு திரும்பி வந்து முதலிடம் பிடிப்பதும் இப்போது நடக்கிறது. கேட் புஷ்ஷின் 'ரன்னிங் அப் தட் ஹில்' வெளிவந்தது 1985இல், பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது 2022இல், ஒரு தொலைக்காட்சித் தொடரின் புண்ணியத்தில். நான் கேட்கும் நிலையமும் அதைப் புதுப்பாட்டுகளோடு சேர்த்து ஒலிபரப்பியது. அந்தக் கோடையில் கவுன்ட்டவுன் கேட்க நன்றாக இருந்தது.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். முதலிடத்தைவிட 11 முதல் 20 வரையிலான இடங்களைக் கவனியுங்கள், நிலையம் துணிந்து எடுத்த முடிவுகள் அங்கேதான் இருக்கும். நீண்ட காலம் உச்சியில் இருந்த பாட்டு கீழே இறங்கும் வாரத்தையும் தவறவிடாதீர்கள். இரண்டு, மூன்று, ஐந்து என்று படிப்படியாக இறங்கினால், நேயர்கள் இன்னும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரே வாரத்தில் ஒன்றிலிருந்து பத்துக்குக் கீழே விழுந்தால், நிலையம் அதை அடிக்கடி சுற்றும் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. பெரும்பாலும் அதே பாடகரின் அடுத்த பாட்டு பதினைந்தாம் இடத்துப் பக்கம் எங்கேயாவது நுழைந்திருக்கும்.