அரிசி ஆலையிலிருந்து நிதித்துறைக்கு: விண்ணப்ப காலத்தில் எது கைகொடுத்தது

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே ஐஐஎம் நுழைவுத் தேர்வான கேட் எழுதினேன். இப்போது மேலாண்மைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு, நிதிப் பிரிவு. ஊரிலிருந்து விசாரிக்கும் தம்பி தங்கைகள் எந்தப் பயிற்சி வகுப்பில் சேரலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் காசும் நேரமும் செலவழித்தவற்றில் எவை இன்றுவரை பயன்படுகின்றன என்பதைச் சொல்கிறேன்.

இணையவழி மாதிரித் தேர்வுகளைத் தயங்காமல் வாங்கலாம். கேட் இரண்டு மணி நேரத் தேர்வு. மூன்று பகுதிகளுக்கும் தலா 40 நிமிடம். ஒரு பகுதியில் மிஞ்சிய நேரத்தை அடுத்ததில் சேர்த்துக்கொள்ள முடியாது. கொள்குறி வினாவில் சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறினால் 1 போய்விடும். எந்தக் கேள்வியைத் தொடாமல் விடுவது என்ற பழக்கம் எழுதி எழுதித்தான் வரும். தேர்வு நவம்பர் கடைசியில் நடக்கிறது. 2024-ல் 24-ஆம் தேதி. டெல்டாவில் அது அடைமழை நேரம். திருச்சியில் மையம் கிடைத்தால் முந்தைய நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

நேர்முகத் தேர்வுக்கென ஒரு நிறுவனத்தில் கட்டிய பணம் வீண். “ஏன் நிதித்துறை?” என்ற கேள்விக்கு அத்தனை பேருக்கும் ஒரே பதிலை அச்சடித்துக் கொடுத்தார்கள். சிறுவயது முதலே எண்களில் ஆர்வமாம்! இளைஞர்களின் எதிர்காலத்தோடு இப்படி விளையாடுவது எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிறது. துறை மாற வருகிறவரிடம் தேர்வுக் குழு தேடுவது ஒன்றுதான்: இந்த வேலையை இவர் எங்கே நேரில் பார்த்தார்?

நான் பார்த்தது ஆலைக் கணக்கரின் மேசையில். தை, மாசியில் சம்பா நெல் வந்து குவியும். அதற்கு உடனே பணம் கொடுக்க வேண்டும். அரிசி விற்ற பணமோ மெதுவாகத்தான் திரும்பும். இடைவெளியைத் தாங்குவது வங்கியின் கேஷ் கிரெடிட், அதாவது சரக்கையும் பாக்கியையும் காட்டி ஒரு வரம்புக்குள் வேண்டியபோது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன். மாதாமாதம் கணக்கர் வங்கிக்குச் சரக்கு அறிக்கை எழுதுவார். கிடங்கில் இருக்கும் நெல், அரிசி, தவிடு, அவற்றின் விலை, வெளியிலிருந்து வர வேண்டிய பாக்கி எல்லாவற்றையும் கூட்டி, நாம் பிறருக்குக் கொடுக்க வேண்டியதைக் கழித்து, விலை இறங்கினாலும் தாங்குவதற்காக வங்கி கடன் தராமல் பிடித்துக்கொள்ளும் பங்கான மார்ஜினையும் ஒதுக்கினால் மிஞ்சுவதே எடுக்கக்கூடிய தொகை. ஒரு மழைப் பருவத்தில் ஈர நெல் மலையாகக் கிடந்தபோது அதை உலர்த்தும் டிரையர் பழுதானது. நான் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருக்கையில் அவர் பக்கத்தில் வந்து நின்றார். “நெல் நிறம் மாறினால் விலை இறங்கும். விலை இறங்கினால் வங்கியில் எடுக்கும் பணமும் இறங்கும் தம்பி, சீக்கிரம் பாருங்கள்” என்றார். என் ஸ்பேனருக்கும் வங்கி வரம்புக்கும் இருந்த தொடர்பை விண்ணப்பக் கட்டுரையில் அப்படியே எழுதினேன். நேர்முகத்தில் பெரும்பகுதி அதைச் சுற்றியே போனது. மார்ஜின் எதற்கு, வெளியிலிருந்து வர வேண்டிய பாக்கி பழசானால் வங்கி அதைக் கணக்கில் சேர்க்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அதே கணக்கரின் யோசனைப்படி வங்கி ஆண்டறிக்கைகளையும் படிக்கத் தொடங்கினேன். கும்பகோணத்தில் 1904-ல் பிறந்த சிட்டி யூனியன் வங்கியின் அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வாராக்கடன், அதன் இழப்புக்கான ஒதுக்கீடு, நிகர வட்டி வருவாய் என்ற சொற்கள் வகுப்பில் வந்தபோது எனக்கு அவை பழகியவையாக இருந்தன. பணம் கொடுத்து வாங்கிய எதையும்விட இதற்கே முதலிடம் தருவேன்.

நேர்முகங்கள் பெரும்பாலும் அறுவடை மும்முரத்தில்தான் வரும். ஆலை, உரக்கடை, கொள்முதல் நிலையம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்கள் விடுப்பை முன்கூட்டியே பேசிவையுங்கள்.

கல்விக்கடனில் ஒரு சிக்கல் நம் பகுதிக்கே உரியது. நம்மில் பலருக்கு இருக்கும் ஒரே சொத்து நன்செய். கடன் திரும்பாவிட்டால் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பதால் அதை ஈடாக ஏற்க வங்கிகள் தயங்கும். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. நீங்கள் விண்ணப்பிக்கும் நிறுவனம் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள்.