நார்க்கழிவுக்குச் சிப்பிக் காளான் வித்து: சில வருடப் பயன்பாட்டுக்கு அப்புறம்

பொள்ளாச்சிப் பக்கம் நார்க்கழிவுக்கு, அதாவது தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூளுக்கு, பஞ்சமில்லை. நார் மில் வாசலில் குவிந்து கிடக்கும். அப்படியே கொண்டுவந்து மரத்துக்குப் போட்டால் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் அது இழுத்துக்கொள்ளும். கரிமம், தழைச்சத்து விகிதம் 100:1-க்கும் மேல். எளிதில் மக்காத மரப்பொருளான லிக்னின் மட்டுமே 30 சதவீதம் அளவுக்கு இருப்பதால் சாதாரணக் குப்பைக்குழியில் லேசில் மக்காது. அதற்காகத்தான் சிப்பிக் காளான் வித்து, அதாவது தானியத்தில் வளர்த்த காளான் பூஞ்சாணம்.

முறை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொன்னதுதான். ஒரு டன்னுக்கு 5 புட்டி வித்து, 5 கிலோ யூரியா. 100 கிலோவாகப் பரப்பி, ஓர் அடுக்குக்கு வித்து, அடுத்ததற்கு ஒரு கிலோ யூரியா என்று 1 மீட்டர் உயரம் வரை ஏற்ற வேண்டும். குழி வேண்டாம், மரநிழல் போதும்.

30 நாளில் தயார் என்கிறார்கள். என் தோப்பில் இரண்டு, இரண்டரை மாதம் ஆகிறது. கோடையில் இன்னும் இழுக்கும். எல்லாம் ஈரத்தைப் பொறுத்தது. உள்ளே நனைந்திருந்தாலும் மேல் அரை அடி காய்ந்துவிடும், காய்ந்த இடத்தில் காளானின் வெள்ளை இழை ஏறாது. கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. நான் மேலே தென்னங்கீற்று போட்டு மூடிவிடுகிறேன்.

வித்து பார்த்து வாங்குங்கள். ஒருமுறை ஒரு கடையில் வாங்கியதில் பாதி பச்சைப் பூசணம். அந்தக் குவியல் கடைசிவரை பழுப்பாகவே கிடந்தது. சரியாக மக்கினால் கறுத்து, மண் வாசனை வரும்.

மக்கவைக்கும் இன்னொரு பூஞ்சாணமான டிரைக்கோடெர்மா போதாதா என்று கேட்கிறார்கள். அது செடியின் நார்ப்பொருளான செல்லுலோஸை நன்றாகத் தின்னும், கரும்புச் சோகைக்கு அருமை. லிக்னினை உடைப்பதில் சிப்பிக் காளான்தான் கெட்டி.

நார்க்கழிவில் இருக்கும் உப்பு விஷயம் தனி. மக்குவதால் உப்பு போகாது, குவியல் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். தென்னைக்குக் கவலையில்லை, நாற்றங்காலுக்கு என்றால் நல்ல தண்ணீரில் அலசியே ஆக வேண்டும்.

பெரிய தொல்லை காண்டாமிருக வண்டு. மக்கிய குவியல் என்றால் தேடி வந்து முட்டை வைக்கும். கிளறும்போது புழு பொறுக்குவது போக, மக்கி முடியும் சமயத்தில் மெட்டாரைசியம் பூஞ்சாணமும் கலந்து விடுகிறேன்; அது புழுவைக் கொல்லும் பூஞ்சாணம். எப்படியும் தயாரானதைத் தோப்பில் மாதக்கணக்கில் குவித்து வைக்காமல் உடனே வட்டப்பாத்தியில் போட்டுவிடுங்கள்.