கிராபிக்ஸ் கார்டை அளக்க: டைம் ஸ்பையா, கேமா?

புது கார்டை மாட்டியதும் எல்லோருக்கும் வரும் குழப்பம் இது: அதன் வேகத்தை டைம் ஸ்பை என்ற தனிச் சோதனையில் அளப்பதா, நிஜ கேமிலேயே அளப்பதா?

செலவு
டைம் ஸ்பை: த்ரீடிமார்க் என்ற பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) மென்பொருளின் இலவச டெமோவிலேயே ஓடும்.
கேம்: பெரும்பாலும் முதலில் கேமைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

ஒப்பிட
டைம் ஸ்பை: 2016-ல் வந்தது. டைரக்ட்எக்ஸ் 12 (விண்டோஸில் கேம்கள் கிராபிக்ஸ் கார்டோடு பேசும் வழி), 2560 × 1440 ரெசல்யூஷன். செட்டிங்ஸைத் தொடாமல் ஓட்டினால், அதே கார்டு வைத்திருப்பவரின் ஸ்கோரோடு நேராக ஒப்பிடலாம். கிராபிக்ஸ் ஸ்கோரை மட்டும் பாருங்கள், மொத்த ஸ்கோரில் ப்ராசஸரும் கலந்திருக்கும்.
கேம்: ஒரு பேட்ச் (அப்டேட்) வந்தாலே பழைய கணக்கு செல்லாது.

நிஜ அனுபவம்
டைம் ஸ்பை: வெறும் மார்க் ஷீட்.
கேம்: இங்கேதான் வண்டவாளம் தெரியும். சைபர்பங்க் 2077-க்குள்ளேயே பெஞ்ச்மார்க் இருக்கிறது. ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம்போலக் காட்டும் முறை) இல்லாமல் ஒருமுறை, போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சராசரியை மட்டும் நம்பாதீர்கள். 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃப்ரேம்) என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். நடுவில் அவ்வப்போது ஒரு ஃப்ரேம் 80 மில்லிசெகண்ட் இழுத்தால் சராசரி பெரிதாக அசையாது, ஆனால் மவுஸ் பிடித்த கைக்குச் சட்டென்று தெரியும். அதைப் பிடிக்கத்தான் 1% லோ, அதாவது மிக மெதுவான 1% ஃப்ரேம்களின் வேகம். கேப்ஃப்ரேம்எக்ஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே அதைக் காட்டும்.

எதுவானாலும் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குளிர்ந்த கார்டு கொஞ்சம் பந்தா காட்டும், ஸ்கோர் கூடுதலாக வரும்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குகிறீர்களா, ஓவர்கிளாக் செய்து (கார்டை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டி) பார்க்கிறீர்களா? டைம் ஸ்பை போதும். புது கார்டுக்குக் காசு போடலாமா என்று யோசிப்பவர், தான் தினமும் ஆடும் கேமிலேயே அளக்கட்டும்.