சின்ன டிஸ்க்கில் டாக்கர்: ஓவர்லே2-வா, பிடிஆர்எஃப்எஸ்ஸா?

ராணிப்பேட்டை டேனரிக்கு ஸ்டாக் கணக்கு, ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு பில்லிங் என்று வேலூரில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் சின்ன ஆபீஸில் சர்வர் என்பது மேஜைக்கடியில் ஒரு பெட்டி, அதில் 256 ஜிபி எஸ்எஸ்டி. ஒரு சாஃப்ட்வேரை அதற்கு வேண்டியதோடு சேர்த்துக் கட்டி ஓட்டும் கருவி டாக்கர்; அந்தக் கட்டு 'இமேஜ்', அது ஓடும்போது 'கன்டெய்னர்'. இமேஜ் லேயர் லேயராக அடுக்கியிருக்கும். இந்த இமேஜ்களை அந்த டிஸ்க்கில் எந்த முறையில் வைப்பது? விஎஃப்எஸ், ஓவர்லே2, பிடிஆர்எஃப்எஸ் (இது ஒரு ஃபைல் சிஸ்டமும்கூட) என்று மூன்று வழிகளைப் பார்ப்போம்.

விஎஃப்எஸ்ஸை முதலிலேயே தள்ளிவிடலாம். அதில் ஒவ்வொரு லேயரும் கீழே உள்ளதன் முழு நகல். 500 எம்பி லேயரின் மேல் இன்னும் நான்கு ஏறினால் குறைந்தது 2.5 ஜிபி போய்விடும்.

ஓவர்லே2-வில் ஒவ்வொரு லேயருக்கும் ஒரு 'டிஃப்' ஃபோல்டர். மாறியது மட்டும் அதில் இருக்கும். கன்டெய்னர் ஓடும்போது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எல்லாவற்றையும் அடுக்கி, 'மெர்ஜ்ட்' என்று ஒரே ஃபோல்டராகக் காட்டும். ஒரே இமேஜில் பத்து கன்டெய்னர் ஓடினாலும் கீழ் லேயர்கள் டிஸ்க்கில் ஒரு முறைதான், ராமில் ஏறும் ஃபைலும் ஒரு முறைதான். பிடிஆர்எஃப்எஸ்ஸில் இந்த ராம் சேமிப்பு கிடையாது. 8 ஜிபி ராம் வைத்திருப்பவருக்கு இது ஒன்றே போதும்.

டிஸ்க் நிறைந்துவிட்டதா என்று, ஃபோல்டரின் அளவைக் கூட்டிச் சொல்லும் 'டியூ' கட்டளையில் பார்த்துப் பதற வேண்டாம். கன்டெய்னர் ஓடும்போது அது டிஃப்பையும் எண்ணும், மெர்ஜ்டையும் எண்ணும். 'டாக்கர் சிஸ்டம் டிஎஃப்' சொல்வதை நம்பலாம்.

ஓவர்லே2-வின் குடைச்சல் எழுதும்போதுதான். கீழ் லேயரில் உள்ள 2 ஜிபி ஃபைலில் ஒரு வரி மாற்றினால் முழு ஃபைலும் மேலே காப்பி ஆகும். பிடிஆர்எஃப்எஸ் மாறிய பிளாக்கை மட்டும் எழுதும். அதற்காகத் தனி பார்ட்டிஷனை பிடிஆர்எஃப்எஸ்ஸாக ஃபார்மட் செய்து, அதையும் பராமரிக்க வேண்டுமா? டேட்டாபேஸை வால்யூமில் (லேயர்களில் சேராத தனி இடத்தில்) வைத்தால் இந்தத் தொல்லையே வராது. என் ஓட்டு ஓவர்லே2-வுக்கே.

இப்போது டாக்கர் 29-ஐப் புதிதாக நிறுவினால் இமேஜ்கள் கன்டெய்னர்டியிடம் (டாக்கருக்கு அடியில் கன்டெய்னர்களை ஓட்டும் புரோகிராம்) போகின்றன. அடியில் அதே ஓவர்லே முறைதான்; ஆனால் சுருக்கிய லேயர், விரித்த லேயர் இரண்டையும் வைப்பதால் கூடுதல் இடம் பிடிக்கும். டாக்கர் தன் ஃபைல்களை வைக்கும் 'டேட்டா-ரூட்' ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு மாற்றினாலும் இந்த இமேஜ்கள் கூடவே வராது. கன்டெய்னர்டிக்குத் தனியாக இடம் மாற்ற வேண்டும்.

பழைய டாக்கரை அப்கிரேடு செய்தால் கன்டெய்னர்டி முறைக்குத் தானாக மாறாது. நீங்களே மாற்றினால் பழைய இமேஜ்கள் பட்டியலில் தெரியாது, ஆனால் இடத்தைப் பிடித்துக்கொண்டு டிஸ்க்கிலேயே கிடக்கும். வேண்டியதை 'டாக்கர் சேவ்' கட்டளையால் ஃபைலாக எடுத்து வைத்து, பழைய இமேஜ்களை எல்லாம் அழித்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள்.