பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த உதிரிபாகம்: கழற்றியதா, பெட்டி பிரிக்காததா, புதிதாகச் செய்ததா?

1945 முதல் 1949 வரை ஆபிங்டனில் தயாரான எம்.ஜி. டி.சி. காரின் எஞ்சினிலிருந்து ஒரு சிறிய போல்ட்டைக் கழற்றி அளந்து பார்ப்பவர் முதலில் சற்றுக் குழம்புவார். தண்டு 8 மில்லிமீட்டர் விட்டம். ஆனால் மரையின் இடைவெளி 1 மில்லிமீட்டர். இன்று கடையில் கேட்டவுடன் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு அந்த இடைவெளி 1.25 என்பதால் அது உள்ளே ஏறாது. தலையோ மில்லிமீட்டர் அளவே அல்ல, பிரிட்டனின் விட்வொர்த் அளவு. கோவென்ட்ரியில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் நடத்திய எஞ்சின் தொழிற்சாலையை, எம்.ஜி. கார்களுக்கு எஞ்சின் தந்த மோரிஸ் நிறுவனம் 1923-ல் வாங்கியபோது, பிரெஞ்சு மரை வெட்டும் இயந்திரங்களும் சேர்ந்தே வந்தன. மரை பிரெஞ்சு முறையிலேயே நீடிக்க, உள்ளூர் மெக்கானிக்குகளின் ஸ்பானருக்குப் பொருந்தும்படி தலையை மட்டும் விட்வொர்த் அளவில் வைத்தார்கள். இப்படிப்பட்ட ஒரு போல்ட் தொலைந்தால், அதைத் திரும்பப் பெற மூன்று வழிகள்தான் உண்டு: வேறொரு பழைய எஞ்சினிலிருந்து கழற்றியது, அந்தக் காலத்தில் தயாராகி விற்காமல் கிடங்கில் தங்கிய பெட்டி பிரிக்காத சரக்கு, இன்று புதிதாகச் செய்யப்படும் மறு தயாரிப்பு.

இவற்றில் பெட்டி பிரிக்காத சரக்கே உயர்ந்தது என்ற எண்ணம் சேகரிப்பாளர்களிடையே பரவலாக இருக்கிறது. விலையும் அந்த எண்ணத்தைப் பின்பற்றியே ஏறுகிறது. என் கருத்து வேறு. ஒரு காரை முழுமையாகச் சீரமைக்கும்போது, தேய்மானம் இருந்தாலும் செப்பனிடக்கூடிய பழைய பாகத்துக்கே முதலிடம் தர வேண்டும். நல்ல மறு தயாரிப்புக்கு அடுத்த இடம். பெட்டிச் சரக்கு பெரும்பாலான பாகங்களுக்கு மூன்றாம் இடத்தில்தான் வரும். ரப்பரும் பிரேக்கின் சீல்களும் இந்த வரிசைக்கு அடங்காதவை; அங்கே பழையது எதற்கும் இடமே இல்லை.

உடற்கூட்டில் இருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் பணம் அதிகம் கரையும் இடம் அதுதான். டி.சி.யின் உடல் ஆஷ் மரச்சட்டத்தின் மேல் இரும்புத் தகடு போர்த்தியது. தண்ணீர் தேங்கும் அடிச்சட்டங்கள் முதலில் உளுத்துப்போகும். அந்தக் காரின் கதவுகள் பின்பக்கம் கீல் கொண்டவை. எனவே கதவுக்குப் பின்னால் நிற்கும் தூண் தளர்ந்தால் கதவு முழுவதும் தொங்கிவிடும். மரச்சட்டம் இன்று புதிதாகவே கிடைக்கிறது. அதை வாங்கிப் பழைய தகட்டை அதன் மேல் ஏற்றலாம்; தகடும் சட்டமும் சேர்ந்த முழு உடலையே புதிதாக வாங்கலாம்; உளுத்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, சாய்வு வெட்டில் புது மரத்தை ஒட்டி இணைக்கலாம். மூன்றாவது வழிக்குக் கைத்திறனும் நேரமும் கூடுதலாக வேண்டும், ஆயினும் தகட்டில் பழைய ஆணித் துளைகள் இருந்த இடத்திலேயே புது ஆணிகள் இறங்கும் வாய்ப்பு அதில்தான் உண்டு. முழு உடலையும் மாற்றினால் கார் நேராக நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த வண்டியில் 1940-களைச் சேர்ந்தது சேஸிஸும் (வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமும்) எஞ்சினும் மட்டுமே என்றாகிவிடும்.

ஆஸ்டின் ஹீலி 100 காரில் சிக்கல் வேறு விதமானது. 1952-ல் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட அந்தக் காரின் உடல் வெஸ்ட் ப்ரோம்விச்சில் ஜென்சன் நிறுவனத்தில் தயாரானது. முன்பக்க, பின்பக்க மேல்மூடிகள் அலுமினியத்திலும் மட்கார்டுகள் இரும்பிலும் அமைந்தன. இரண்டு உலோகங்களும் ஈரத்தோடு சேரும் விளிம்பில் மின்வேதி அரிப்பு தொடங்குகிறது. பெயிண்ட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடியாக உதிரும் அலுமினியத்தை அந்த விளிம்பில் காணலாம். இத்துடன் இன்னொன்றும் சேர்கிறது. ஜென்சனில் தகடுகள் ஒவ்வொரு காரிலும் கையால் பொருத்திச் சரிசெய்யப்பட்டன. எந்தப் பாகம் எந்த உடலுக்குரியது என்பதை அறிய உடல் எண்ணைப் பல துண்டுகளின் மறைவான பக்கத்தில் பொறித்தார்கள். எனவே இன்னொரு ஹீலியிலிருந்து கழற்றிய மேல்மூடி பழையதாக இருந்தாலும் உங்கள் காருக்கு அந்நியமானதே; அதைப் பொருத்த, புதுத் தகட்டைப் பொருத்தும் அளவுக்கே வேலை இருக்கும். ஹீலியில் மட்டும் வேறு காரின் பழைய தகட்டைவிட நல்ல மறு தயாரிப்பைத் தேர்ந்தெடுப்பேன். அதிலும் சொந்தத் தகட்டின் எண் பொறித்த விளிம்பை வெட்டிப் புதிய தகட்டில் இணைத்துக் காட்டுவோரை நான் ஏற்பதில்லை. எண் இருக்கும், எண் சொல்லும் கார் இருக்காது.

எம்.ஜி.பி. காருக்கு வரும்போது ஒப்பீடு கூர்மையாகிறது. 1962-ல் வெளிவந்த இந்தக் காருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடலே சேஸிஸ். அரை மில்லியனுக்கும் மேல் தயாராகி, 1980-ல் உற்பத்தி நின்றது. அப்போது எம்.ஜி.யின் உரிமையாளராக இருந்த பிரிட்டிஷ் லேலண்ட் 1975-ல் தொடங்கிய பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ், தகடுகளை வடிக்கும் பழைய அச்சுகளைத் தேடித் திரட்டி, 1988-ல் எம்.ஜி.பி.யின் முழு உடற்கூட்டையும் மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆலை தந்த அதே அச்சு, அதே வடிவம். இதை மறு தயாரிப்பு என்பதா, அசலின் தொடர்ச்சி என்பதா என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அந்த வாதத்தைவிட, பழைய கூட்டைச் சீரமைக்க எவ்வளவு ஆகும் என்பதே முக்கியம்.

துருப்பிடித்த எம்.ஜி.பி.யின் பக்கவாட்டு அடிப்பகுதியைப் பாருங்கள். வெளியே தெரியும் தகட்டுக்குப் பின்னால் நடுத்தகடு ஒன்றும், உட்தகடு ஒன்றும், அடியில் கோட்டை மதில்போல் வளைந்து வளைந்து செல்லும் ஒரு சட்டமும் உள்ளன. வெளித்தகட்டை மட்டும் மாற்றி பெயிண்ட் பூசினால் கார் பளபளக்கும். உள்ளே இருக்கும் துரு தன் வேலையைத் தொடரும். முழுவதும் வெட்டி எடுப்பதென்றால், அதற்கு முன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து வெல்டு செய்து, கூடு வளையாமல் தாங்க வேண்டும். மேற்கூரை இல்லாத காரில் இந்தச் சட்டங்கள்தான் எடையைச் சுமக்கின்றன. தாங்கல் இல்லாமல் வெட்டினால் நடுப்பகுதி தொய்ந்து, கதவின் மேல் இடைவெளி குறுகிவிடும். பிறகு எந்தக் கதவும் மூடாது.

சட்டமும் தரையும் மட்டும் போயிருந்தால் பழைய கூட்டையே காப்பாற்றுவது சரி. முன்பக்க உள்மட்கார்டு, பின்பக்க ஸ்பிரிங் தாங்கும் இடம், கண்ணாடிக்குக் கீழான பகுதி ஆகியவையும் போயிருந்தால் கூலியே புதுக் கூட்டின் விலையைத் தாண்டிவிடும். அப்போது ஹெரிடேஜ் கூடு நேர்மையான தேர்வு. விதிவிலக்கு, 1965-க்கு முந்திய, இழுத்துத் திறக்கும் கைப்பிடி கொண்ட முதல் தொகுதிக் கார்கள். கதவு முதல் சிறு சிறு விவரங்கள் வரை பிற்காலக் கார்களிலிருந்து அவை வேறுபடுகின்றன. அவற்றைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் பார்வையிடாமல் கூட்டை மாற்றுவது இழப்பாகவே முடியும்.

கழற்றிய பாகங்கள் எங்கே கிடைக்கின்றன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். டி.சி.க்குப் பின் வந்த டி.டி. கார்களில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. லாஸ் ஏஞ்சலஸில் 1948-ல் அல் மாஸ் தொடங்கிய சிறு நிறுவனம் பின்னர் பிரிட்டிஷ் கார்களின் உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்றதற்குக் காரணம் இந்த ஏற்றுமதிதான். குளிர்காலச் சாலைகளில் உப்புத் தூவும் இங்கிலாந்தில் ஓடிய காரின் தகட்டைவிட, மழை குறைந்த கலிஃபோர்னியா, அரிசோனா பகுதிகளில் கிடந்த காரின் தகடு பன்மடங்கு உறுதியாக இருக்கும். அதே காரின் தோல் இருக்கை, டாஷ்போர்டு, மர வளையங்கள் ஆகியவை வெயிலில் வெடித்துப்போயிருக்கும். உலோகத்துக்கு வறண்ட நிலம், உட்புறத்துக்கு இங்கிலாந்தின் கார் கொட்டகை என்று பிரித்துத் தேடுவது பலனளிக்கும்.

எஞ்சினில் இரண்டு கார்களை அருகருகே வைத்துப் பார்த்தால் தேர்வின் வேறுபாடு விளங்கும். டி.சி.யின் எக்ஸ்.பி.ஏ.ஜி. எஞ்சின் 1250 சி.சி., 66.5 மில்லிமீட்டர் துளை. சிலிண்டர் தேய்ந்தால் துளையைப் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும். ஓர் எல்லைக்குப் பிறகு ஸ்லீவ் (உள்ளுறை) இறக்க வேண்டும். பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிரேங்க் ஷாஃப்ட் விரிசல் விடுவது இந்த எஞ்சினின் நெடுநாள் குறை என்பதால், பரிசோதிக்காத பழைய கிரேங்கைவிடப் புதிதாக எஃகில் வெட்டிய கிரேங்க் மேலானது. இதற்கு மாறாக, 1953-ல் வந்த டிரையம்ஃப் டி.ஆர்.2-வின் 1991 சி.சி. எஞ்சின், ஸ்டாண்டர்டு வேன்கார்டு காருக்கும் ஃபெர்குசன் டிராக்டருக்கும் உறவுக்கார எஞ்சின். அதில் சிலிண்டர் லைனர்கள் (பிஸ்டன் ஓடும் குழாய்கள்) தனித்தனியாக, எஞ்சினைக் குளிர்விக்கும் நீருக்குள் நிற்பவை. 8 வடிவக் கேஸ்கெட்டின் மேல் அமர்ந்திருக்கும் பழைய லைனர்களை வெளியே இழுத்து, பிஸ்டனோடு புதியதை இறக்கிவிடலாம். எண் பொறித்த பழைய பிளாக்கை வெட்டவே வேண்டியதில்லை. உழைத்துத் தேய்ந்தும் அடையாளம் மாறாத எஞ்சின் என்றால் இதுதான். பழைய பிளாக்கோடு புதுத் தேய்பாகங்களைச் சேர்க்கும் வழி இங்கே முழு மதிப்பெண் பெறுகிறது.

சென்னைக்கு இந்தக் கதையில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அன்றைய மதராஸில் வேன்கார்டு கார்களைச் சேர்த்துக் கட்டியது. அம்பாசடரின் பழைய 1489 சி.சி. எஞ்சினும் எம்.ஜி.ஏ. 1500 ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினும் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் ஒரே பி-வரிசையைச் சேர்ந்தவை. ஆனால் கார்புரேட்டர், கேம், ஹெட் ஆகியவற்றில் ஸ்போர்ட்ஸ் காருக்குரிய வேறுபாடுகள் உள்ளன, எம்.ஜி.ஏ.வில் அம்பாசடர் எஞ்சினை வைத்தால் கார் ஓடும், எம்.ஜி.ஏ. ஆகாது.

மின்சாரப் பாகங்களில் பழையதே வெல்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. லூகாஸ் நிறுவனத்து டைனமோவின் உறையில் மாடல் எண்ணோடு தயாரான மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். காரின் தேதிக்குச் சில வாரங்கள் முந்திய தேதி கொண்ட டைனமோவைப் பிரித்து, காயிலை மறுபடி சுற்றி, பேரிங்கும் பிரஷும் மாற்றினால் அது இன்னும் பல ஆண்டுகள் ஓடும். சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பகிரும் டிஸ்டிரிபியூட்டரின் ரோட்டார், கண்டென்சர் ஆகிய சின்னஞ்சிறு மலிவுப் பாகங்களில்தான் மறு தயாரிப்பு அதிகம் ஏமாற்றுகிறது. ரோட்டாரின் தகட்டைப் பிடிக்கும் ரிவெட் உள்ளே தண்டுக்கு மிக அருகில் இறங்கியிருந்தால், மின்பொறி அதன் வழியாகத் தண்டுக்குத் தாவிவிடும். கார் சூடானதும் நின்றுபோகும், குளிர்ந்ததும் கிளம்பும். ரிவெட் இல்லாமல் வார்த்த ரோட்டார் சற்று விலை கூடினாலும் அதையே வாங்க வேண்டும். கார்புரேட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. எஸ்.யூ. கார்புரேட்டர்களை அதன் உரிமை பெற்ற பர்லன் நிறுவனம் சால்ஸ்பரியில் இன்றும் தயாரிக்கிறது. பழைய உறை நல்ல நிலையில் இருந்தால் புதிய தண்டும் ஊசியும் ஜெட்டும் போட்டால் போதும்.

பெட்டிச் சரக்கின் புகழ் முழுவதும் சரிந்துபோகும் இடம் ரப்பர். 1958-ல் செய்து, எண்ணெய்த் தாளில் சுற்றி, லாக்ஹீட் நிறுவனத்தின் பெட்டியில் வைத்த பிரேக் சீல் பார்ப்பதற்குப் புத்தம் புதிதாக இருக்கும். விரலால் மடக்கினால் விளிம்பில் மெல்லிய கோடுகள் விரியும். அதை நம்பி மலை இறக்கத்தில் இறங்க முடியாது. பிரேக்கின் பழைய மாஸ்டர் சிலிண்டரின் வார்ப்பு உறையை வைத்துக்கொண்டு, துளைக்குள் துருப்பிடிக்காத எஃகிலோ பித்தளையிலோ ஸ்லீவ் இறக்கி, புதிய சீல் போடுவது எல்லா வழிகளிலும் சிறந்தது. கம்பிச் சக்கரமும் இதே வகை. சக்கரத்தின் உட்பற்களும், அது ஏறி அமரும் ஹப்பின் வெளிப்பற்களும் ஒன்றையொன்று தேய்த்துக்கொள்பவை. ஹப்பின் பல் கத்தி முனைபோல் கூர்ந்திருந்தால், அதன் மேல் ஏற்றும் புதிய சக்கரம் சீக்கிரமே கெடும். இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

இனி, பாகங்கள் மாறிக்கொண்டே போனால் கார் எது என்ற கேள்வி. 1929, 1930-ல் பிரான்ஸின் லெ மான்ஸ் பந்தயங்களில் வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் ‘ஓல்டு நம்பர் ஒன்’, பின்னர் பலமுறை மாற்றிக் கட்டப்பட்டதால், 1 கோடி பவுண்டுக்குப் பேசிய விற்பனையை வாங்க இருந்தவர் மறுத்தார். 1990-ல் லண்டன் உயர் நீதிமன்றம், தொடர்ந்து வந்த வரலாற்றைக் கருதி, அந்தக் கார் அதே பெயருக்கு உரியதுதான் என்று தீர்ப்பளித்தது. இதிலிருந்து ‘எதையும் மாற்றலாம்’ என்று எடுத்துக்கொள்வோர் உண்டு. அந்தத் தீர்ப்பு தாங்கி நிற்பது காரின் மாற்றங்கள் எப்போது, எதற்காக நிகழ்ந்தன என்ற பதிவையே என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஜாகுவார் இ-டைப்பில் இதன் சிறு வடிவத்தைக் காணலாம். 1961-இன் முதல் சுமார் 500 கார்களுக்கு மட்டும் பானட் பூட்டு வெளியிலிருந்து திறப்பதாக இருந்தது. அந்தப் பூட்டை மறு தயாரிப்பில் வாங்கிப் பிந்திய காரில் பொருத்துவது எளிது. பொருத்திய பின் அதைச் சொல்லாமல் விற்பது மோசடி.

ஆகவே வாங்கும் முன், இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து எம்.ஜி.ஏ., எம்.ஜி.பி., டிரையம்ஃப், ஹீலி ஆகியவற்றுக்கான தயாரிப்புச் சான்றைப் பெற்று, சேஸிஸ் எண், எஞ்சின் எண், நிறம், அனுப்பப்பட்ட நாடு ஆகியவற்றைக் காரோடு ஒப்பிடுங்கள். ஜாகுவாருக்கு அந்நிறுவனத்தின் அறக்கட்டளை தனியே சான்று தருகிறது. சீரமைப்பின்போது கழற்றும் ஒவ்வொரு பழைய பாகத்தையும், கெட்டுப்போன கிரேங்க் உட்பட, எந்த நாளில் எதற்காக எடுத்தீர்கள் என்று எழுதிக் கட்டிய சீட்டோடு ஒரு பெட்டியில் வைத்து, காரை விற்கும்போது அதையும் கூடவே கொடுங்கள். பிறகு வாங்குபவர் உங்கள் தேர்வை ஏற்காவிட்டாலும், பழையதைத் திரும்பப் பொருத்தும் வாய்ப்பு அவருக்கு இருக்கும்.