மோசடியா, மிகையா: எது மோசம்?

பெல் ஆய்வகத்தின் இயற்பியலாளர் யான் ஹென்ட்ரிக் ஷோன் மோசடியில் மாட்டிக்கொண்டது இரைச்சலால், அதாவது அளவீடுகளில் தானாகக் கலக்கும் சிறு ஏற்ற இறக்கங்களால். வெவ்வேறு சோதனைகள் என்று அவர் காட்டிய வரைபடங்களில், தற்செயலாக விழ வேண்டிய நடுக்கக் கோடுகள் மேடுபள்ளம் மாறாமல் அச்சாக ஒத்திருந்தன. சோம்பேறித்தனமான திருட்டு! 2002இல் விசாரணைக் குழு 16 குற்றச்சாட்டுகளை உறுதிசெய்தது. வேலை போனது, கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

கண்டுபிடிப்பை ஊதிப் பெருக்கிச் சொல்லும் மிகைக்கு இப்படிக் கைரேகை கிடையாது. 2010இல் நாசா, வேற்றுக்கிரக உயிர்த் தேடலையே பாதிக்கும் கண்டுபிடிப்பு என்று சொல்லிச் செய்தியாளர்களை அழைத்தது. வதந்தி முந்திக்கொண்டு பறந்தது. வந்ததோ கலிஃபோர்னியாவின் மோனோ ஏரி பாக்டீரியா. டிஎன்ஏவில் வழக்கமாக இருக்கும் பாஸ்பரஸுக்குப் பதிலாக நச்சான ஆர்சனிக்கைச் சேர்த்துக்கொள்கிறதாம். 2012இல் இரு ஆய்வுகள் அதை மறுத்தன. ஆனால் யாரும் தரவைப் புனையவில்லை. அதனால் அதை வெளியிட்ட ‘சயன்ஸ்’ இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற 2025 ஆகிவிட்டது, அதுவும் எழுதியவர்களின் எதிர்ப்பை மீறி.

என் கணக்கில் மிகைதான் மோசம். மோசடிக்கு ஒரு குற்றவாளி இருக்கிறார். மிகையில் ஆய்வாளர், செய்திக்குறிப்பு எழுதுபவர், தலைப்பு வைப்பவர் என்று ஆளுக்குக் கொஞ்சம் ஊதுகிறார்கள், யாரைப் பிடிப்பது?